பொறி பிறக்கும் இடம்

விஜயதசமி அன்று சிதம்பரத்தில் மெக்கானிக் தேடுவது வீண் வேலை. முந்தின நாள் ஆயுத பூஜையில் ஸ்பேனர் முதல் வெல்டிங் மிஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, பொரிகடலை படைத்து, பூசணிக்காய் உடைத்து, ஷட்டரை இழுத்துவிட்டிருப்பார்கள். மறுநாள் பேருக்கு ஒரு தடவை திறந்து, சுத்தியலை எடுத்து நாலு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி மூடிவிடுவார்கள். போன் அடித்தால் எடுத்து 'நாளைக்குப் பாக்கலாம் சார்' என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே ஒரு கடை திறந்திருந்தது. அது பிரிசில்லாவின் கடை. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, கடலூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஏழு வருடம் ஒயரோடு மல்லுக்கட்டிவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் சொந்தமாகப் போட்ட ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. ஆயுத பூஜைக்கும் விஜயதசமிக்கும் ஊரே மூடிக்கிடக்கும்போது அவள் ஒருத்திதான் திறந்திருப்பாள் என்பது இந்த மூன்று வருடத்தில் ஊருக்குத் தெரிந்துபோயிருந்தது.

ஒன்பதரைக்குப் போன் வந்தது. கனகசபை நகர் லோகநாயகி.

"பிரிசில்லா, வண்டி எடுக்க மாட்டேங்குதும்மா. பத்தரைக்குள்ள கெளம்பணும். நீ வந்துடேன்."

லோகநாயகி சாதாரணமாகக் குரல் உடைகிற பெண்மணி இல்லை. ஐம்பத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் டெஸ்டில் ஃபெயிலாகி, இரண்டாவது டெஸ்டில் லைசென்ஸ் வாங்கிய ஆள். அந்தக் குரல் இன்றைக்கு நடுங்கியது. ஏன் நடுங்கியது என்பது பிரிசில்லாவுக்கும் தெரியும். போன வாரம் ஹாரன் சரிசெய்யப் போனபோது லோகநாயகியே சொல்லியிருந்தாள்.

அது ஒரு பழைய பியட் கார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர்க் கம்பு நீட்டிக்கொண்டிருக்கும் ரகம். லோகநாயகியின் கணவர் ராஜமாணிக்கம், கம்மாபுரத்துக்காரர், நிலக்கரிச் சுரங்கத்தில் பெரிய மிஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர், முப்பது வருடமாக அதை ஓட்டினார். போன வருடம் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடனே அவருடைய தம்பி அய்யனார், பெண்ணாடத்தில் வண்டியை வாங்க ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். லோகநாயகி விடவில்லை. நான் ஓட்டுவேன் என்றாள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சிரித்தார்கள். லைசென்ஸைக் கொண்டுவந்து மேசையில் போட்ட பிறகு ராஜமாணிக்கம் சிரிப்பை நிறுத்தினார், அய்யனார் நிறுத்தவில்லை. கடைசியில் ராஜமாணிக்கம் ஒரு முடிவு சொன்னார். விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் லோகநாயகி தானே வண்டியை எடுத்து, அவரையும் ஏற்றிக்கொண்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் மகள் தமிழ்ச்செல்வி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் வண்டி வீட்டில் இருக்கும். இல்லையென்றால் பெண்ணாடத்துக்குப் போகும்.

இப்போது கிளம்ப வேண்டிய நேரத்தில் வண்டி மூச்சு விடவில்லை.

பிரிசில்லா பையைத் தூக்கி ஸ்கூட்டரில் மாட்டினாள். பத்து நிமிடத்தில் கனகசபை நகரில் இருந்தாள்.

வாசலில் மாலை போட்ட வண்டி. முன் சக்கரம் இரண்டுக்கும் அடியில் எலுமிச்சம்பழம். பிளாஸ்டிக் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ராஜமாணிக்கம். வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு விடாமல் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார் அய்யனார். அவரைப் பொறுத்தவரை எடுக்காத வண்டியை எடுக்க வைக்க ஒரே வழி, அதை எடுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பது.

"மெக்கானிக் வர்லியா?" என்று அய்யனார் பிரிசில்லாவுக்குப் பின்னால் பார்த்தார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதை அவள் நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

"மொதல்ல சாவிய விட்டுட்டு எறங்குங்க. பேட்டரிய உறிஞ்சிப்புட்டீங்கன்னா அப்பறம் தள்ளத்தான் வேணும்."

அய்யனார் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். "விஜயதசமி அன்னைக்கே எடுக்க மாட்டேங்குது. இதுக்கு மேல என்னா சகுனம் வேணும்? வண்டியே சொல்லுது, என்னைய வித்துடுன்னு."

லோகநாயகியின் முகம் சுண்டிப்போயிருந்தது. பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். காலில் பின்வார் வைத்த செருப்பு. வண்டி ஓட்டத் தயாராக நின்ற கோலம் அது.

"அக்கா, கடைசியா எப்ப ஓடுச்சு?"

"முந்தாநாள் சாயங்காலம். நான்தான் ஓட்டுனேன். நம்ம நகரையே நாலு சுத்து சுத்துனேன். ஒரு தடவகூட நிக்கல."

"அப்பறம் என்னா பண்ணீங்க?"

"என்னா பண்ணுவாங்க? நேத்து கழுவி பூஜை போட்டோம்" என்றார் அய்யனார்.

"கழுவுனது யாரு?"

"நான்தான்."

"பானட்டத் தொறந்து உள்ள ஓஸ் புடிச்சீங்களா?"

அய்யனார் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

பிரிசில்லா மனதுக்குள் தண்ணீர் என்று முடிவே கட்டிவிட்டாள். நன்றாக ஓடிய வண்டி ஒரே நாளில் படுத்துவிட்டால், அந்த ஒரு நாளில் அதற்கு யார் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் போதும். முக்கால்வாசிக் கோளாறு கையில் கிடைத்துவிடும்.

பானட்டைத் தூக்கினாள். உள்ளே ஒரே மங்களகரமாக இருந்தது. ரேடியேட்டரில் பொட்டு, பேட்டரியில் பொட்டு, ஏர் ஃபில்டரின் தலையில் பொட்டு, பொறிக்கு மின்சாரம் ஏற்றும் காயிலில்கூட ஒரு பொட்டு. ஒவ்வொன்றும் சந்தனம் வட்டமாக வைத்து நடுவில் குங்குமம். லோகநாயகி யாருக்கும் குறை வைக்கவில்லை. காயிலிலிருந்து வரும் தடித்த ஒயர் போய்ச் சேருகிற, ஒயர்கள் கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருக்கிற, டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடியில் மட்டும் ஒன்றும் இல்லை. பிரிசில்லா அதைப் பார்த்தாள். அப்போது அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

"அக்கா, ஏறி ஒக்காருங்க. நான் சொல்றப்ப மட்டும் சாவியத் திருப்புங்க."

லோகநாயகி ஏறினாள். திருப்பினாள். இஞ்சின் நன்றாகவே சுற்றியது. அப்படியானால் பேட்டரி மேல் பழி இல்லை. பிரிசில்லா குனிந்து மோந்து பார்த்தாள். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. பெட்ரோல் மேலும் பழி இல்லை. மிச்சம் இருப்பது நெருப்பு. மூடியின் நடுவிலிருந்து அந்தத் தடித்த ஒயரைப் பிடுங்கி, ரப்பர் போட்ட குறட்டால் பிடித்து, முனையை இஞ்சின் இரும்புக்கு அருகில் காட்டினாள்.

"இப்பத் திருப்புங்க."

நீலமாக ஒரு பொறி பட்டுப் பட்டென்று தாவ வேண்டும். ஒன்றும் தாவவில்லை.

"காயில் போச்சு. நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் அய்யனார்.

அவர் அப்போது சொன்னது பேட்டரி. அதற்கு முன்னால் சொன்னது பெட்ரோல்.

"காயில் இன்னைக்கு எங்கயும் கெடைக்காது. எல்லாக் கடையும் மூடியிருக்கு. அண்ணே, பெண்ணாடத்துக்காரர வரச் சொல்லிடறேன்."

ராஜமாணிக்கம் தம்பி பக்கம் திரும்பவில்லை. "அந்தப் பொண்ணு இன்னும் முடிக்கல" என்றார்.

பிரிசில்லா பையிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுத்தாள். ஒரு கூரான கம்பி, அதன் வயிற்றில் சின்ன பல்பு, வாலில் ஓர் ஒயர். அவ்வளவுதான். ஆனால் அது பொய் சொல்லாது. ஒயரை இஞ்சின் இரும்பில் கவ்வவிட்டு, கம்பியைக் காயிலின் ஒரு பக்கம் தொட்டாள். பல்பு எரிந்தது. காயிலுக்குக் கரண்ட் வருகிறது. மறு பக்கத்தைத் தொட்டுக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னாள். இங்கேதான் வேடிக்கை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று இரண்டு சின்ன உலோகக் குமிழ்கள் இருக்கும். இஞ்சின் சுற்றச் சுற்ற அவை தொட்டுத் தொட்டு விலகும். தொடும்போது பல்பு அணைய வேண்டும், விலகும்போது எரிய வேண்டும். மினுக் மினுக்கென்று கண்ணடிக்க வேண்டிய பல்பு, அசையாமல் நின்று எரிந்தது.

பிரிசில்லா நிமிர்ந்தாள். இனி அவளுக்குச் சந்தேகம் இல்லை.

"காயில் நல்லாத்தான் இருக்கு. கோளாறு இந்த மூடிக்குள்ள. பாயிண்ட் ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடல."

"தண்ணி பூந்துடுச்சா?" என்றார் அய்யனார், குரலைத் தாழ்த்தி.

"தண்ணியா இருந்தா இப்படி ஒரேடியா நின்னு எரியாது. நடுவுல என்னமோ இருக்கு."

வண்டியின் கதவு திறந்தது. லோகநாயகி இறங்கி நின்றாள். ஏறும்போது இருந்த முகம் இப்போது இல்லை.

பிரிசில்லா மூடியின் இரண்டு கிளிப்பையும் நெம்பினாள். மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். நடுத்தண்டின் வெட்டுக் காடியில் பொருந்தி நின்ற ரோட்டரை உருவி எடுத்தாள். குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இந்த மூடிக்குள் அவள் துருவைப் பார்த்திருக்கிறாள், எறும்புக் கூட்டைப் பார்த்திருக்கிறாள், ஒரு தடவை பல்லி முட்டை. இதை இப்போதுதான் பார்க்கிறாள். சின்னதாக, அழகாக, காய்ந்து இறுகிய ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். பாயிண்ட் இரண்டும் சேர வேண்டிய இடுக்கில், ஊசிமுனை பிசகாமல்.

இரண்டு விநாடி வேலை. துணியால் துடைத்தால் முடிந்தது. ஆனால் கை போகவில்லை. பூஜையில் வைத்த சந்தனம் அது. அதை ஒரு பிரிசில்லா துடைத்துப் போட்டாள் என்று நாளைக்கு அய்யனார் வாயில் விழ வேண்டுமா? அதுகூடப் பரவாயில்லை. லோகநாயகி பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளே, அதுதான் பிரிசில்லாவைப் பிடித்து நிறுத்தியது. இந்தப் பொட்டை வைத்தது யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. இது வெளியே தெரிந்தால் அய்யனார் ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வண்டியையே கெடுத்த பொம்பளை வண்டி ஓட்டப் போறாளாம் என்பார். ஐம்பத்தாறு வயதில் வாங்கின லைசென்ஸ் அலமாரிக்குள் போய்விடும்.

துணியை மடித்து லோகநாயகியின் கையில் வைத்தாள். "அக்கா, நான் தொடைக்கறத விட நீங்க தொடைக்கறதுதான் சரி" என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு அய்யனார் பக்கம் திரும்பி, "ஒண்ணும் இல்ல, பாயிண்ட்டுல கொஞ்சம் அழுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"அழுக்கு இல்ல" என்றாள் லோகநாயகி. "சந்தனம். நேத்து நான்தான் வச்சேன்."

அய்யனார் எட்டிப் பார்த்தார். ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அடக் கடவுளே! அண்ணே, கேட்டீங்களா? ஸ்டியரிங்ல வச்சாங்க, சரி. பேட்டரியில வச்சாங்க, சரி. இஞ்சினுக்குள்ளயே பூஜை பண்ணிருக்காங்க! இவுங்கள நம்பி நீங்க கடலூரு போறீங்களா? வண்டியப் பத்தி ஒண்ணுந்தெரியாம..."

"லோகா" என்றார் ராஜமாணிக்கம். தம்பி வாயை மூடினார். "எங்க வச்ச?"

"நீங்க காட்டுன எடத்துலதான்." லோகநாயகியின் குரல் இப்போது நடுங்கவில்லை. "இஞ்சின் தெரியாதவங்க வண்டியில ஏறக்கூடாது, சொரங்கத்துல அதான் சட்டம்னு சொல்லி, என் வெரலப் புடிச்சு ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டுனீங்க இல்ல? இங்கதான் பொறி பொறக்குது, இதுதான் வண்டிக்கு உசுருன்னீங்க. மத்ததுக்கெல்லாம் மேல வச்சேன். உசுருக்கு உள்ள வச்சேன்."

"மூடிய எப்படித் தொறந்த?"

"ரெண்டு கிளிப்பு. ஸ்க்ரூடிரைவரால நெம்புனேன். ரோட்டர உருவி எடுத்துட்டு வச்சேன். அப்பறம் அதே காடியில திருப்பி மாட்டி மூடுனேன்."

ராஜமாணிக்கம் எழுந்து, கையால் காற்றைத் தடவிக்கொண்டு வண்டி அருகே வந்தார்.

"அய்யனாரு, நீ இந்த வண்டிய எத்தினி வருசமா எடுத்துட்டுப் போயி ஓட்ற?"

"பதினெட்டு இருபது வருசமா ஓட்றேன். எதுக்கு?"

"ரோட்டர் எதுன்னு காட்டு."

அய்யனார் இஞ்சினைப் பார்த்தார். ரோட்டர் ஃபெண்டரின் மேல், பிரிசில்லா உருவி வைத்த இடத்தில், அவர் முழங்கைக்கு அருகிலேயே கிடந்தது. அவர் ரொம்ப யோசித்து ஏர் ஃபில்டரைத் தொட்டுக் காட்டினார். பிரிசில்லா உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

"தொட்டது என்னா?" என்று ராஜமாணிக்கம் கேட்டார்.

"ஏர் ஃபில்டருங்க" என்றாள் லோகநாயகி.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அய்யனார் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். சாமிக்கு வச்சத அழிச்சிட்டு வண்டிய எடுக்கறதா? அதுவே அபசகுனம்."

"வண்டி ஓடணும்னுதான் தம்பி சாமிகிட்டக் கேட்டேன். நிக்கணும்னா பொட்டு வச்சேன்?"

சொல்லிக்கொண்டே லோகநாயகி குனிந்து, பாயிண்ட் இடுக்கிலிருந்து சந்தனத்தை மெல்லச் சுரண்டித் துடைத்தாள். துணியில் ஒட்டியிருந்த பொடியை விரலில் எடுத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள். பிரிசில்லா உப்புத்தாளில் ஒரு துண்டு கிழித்து, இரண்டாக மடித்து, பாயிண்ட் நடுவே விட்டு நாலு இழுப்பு இழுத்தாள். பிறகு ஒரு காய்ந்த அட்டைத் துண்டை விட்டுத் தூசியை எடுத்தாள். ரோட்டரை அவள் மாட்டப் போகையில் லோகநாயகி கையை நீட்டினாள். பிரிசில்லா கொடுத்துவிட்டாள். லோகநாயகி காடி பார்த்து மாட்டினாள், மூடியை வைத்தாள், இரண்டு கிளிப்பையும் அழுத்தினாள், தடித்த ஒயரை நடுக் குழியில் செருகினாள்.

"இப்பத் திருப்புங்க அக்கா."

முதல் திருகிலேயே எடுத்துவிட்டது. தெருவில் இரண்டு நாய் எழுந்து ஓடின. லோகநாயகி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மணி பத்து பதினைந்து.

பிரிசில்லா ஜன்னல் அருகே போய், மறைக்காமல் சொன்னாள். "அக்கா, பாயிண்ட் பழசு, தேஞ்சிருக்கு. புதுசு மாத்தணும், இன்னைக்கு எங்கயும் வாங்க முடியாது. கடலூர் போயிடலாம். ஆனா நடுவுல ஒரு தடவ மக்கர் பண்ணாலும் பண்ணும்."

"அப்ப நீயும் கூடப் போ" என்றார் அய்யனார். அவர் குரலில் இப்போது கேலி இல்லை. அண்ணனைப் பற்றிய கவலை நிஜமாகவே இருந்தது.

பிரிசில்லாவுக்கும் போகலாம் என்றுதான் தோன்றியது. கடையை மதியம் வரை மூடினால் ஒன்றும் குடிமுழுகாது. லோகநாயகி அவளையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேணாம். நானா போறேன்னுதான பேச்சு? அந்த உப்புத்தாளுல ஒரு துண்டு குடு. ஸ்க்ரூடிரைவர் வண்டியில இருக்கு."

பிரிசில்லா கொடுத்தாள். ராஜமாணிக்கம் முன் சீட்டில், கதவைத் தடவிப் பிடித்து ஏறிக்கொண்டார். முப்பது வருடமாக லோகநாயகி உட்கார்ந்து வந்த சீட்டு அது. எலுமிச்சம்பழம் இரண்டும் சப்பென்று நசுங்கின. வண்டி ஒரு குலுங்குக் குலுங்கி, முனை திரும்பி, மறைந்தது.

பிரிசில்லா கடைக்கு வந்து ஓர் ஆட்டோவின் டைனமோவைக் கழற்றிப் போட்டாள். தன் வேலையில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. பொறி வந்தது, வண்டி எடுத்தது. ஆனால் தேய்ந்த பாயிண்ட் வேறு ஒருத்தர் கையில், நாற்பது கிலோமீட்டர் தூரத்துக்கு, லாரி பறக்கிற ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. பதினொன்றரைக்குப் போனைப் பார்த்தாள். பன்னிரண்டுக்குப் பார்த்தாள். மெதுவாகப் போனாலும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டேகாலுக்கு அய்யனார் வந்து நின்றார். உட்காரச் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போன் வந்துச்சா?"

"இல்ல. நீங்க பண்ணிப் பாத்தீங்களா?"

"ஓட்டிக்கிட்டு இருக்கறப்ப எப்படிம்மா பண்றது?" என்று எரிந்து விழுந்தார். அவர் சட்டைப்பையில் இருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். பெண்ணாடத்துக்காரர். அடிக்கவிட்டு அப்படியே வைத்தார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பிரிசில்லாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"வந்து சேந்துட்டோம்" என்றாள் லோகநாயகி. பின்னால் தமிழ்ச்செல்வியின் குரலும் குக்கர் விசிலும் கேட்டன. "புதுச்சத்திரம் தாண்டி ஒரு தடவ நின்னுபோச்சு பிரிசில்லா. நடு ரோட்ல. பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரனா அடிச்சுத் தள்றான்."

"ஐயையோ. அப்பறம்?"

"அப்பறம் என்னா? ஓரங்கட்டி மூடியத் தொறந்தேன். ரோட்டர உருவி உப்புத்தாளு விட்டு நாலு இழுப்பு இழுத்தேன். மூடுனேன். எடுத்துடுச்சு."

பிரிசில்லா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "அண்ணன் பயந்துட்டாரா?"

"எறங்கட்டுமான்னு கேட்டாரு. ஒக்காருங்க, எனக்குத் தெரியும்னேன்." பின்னால் குக்கர் மறுபடி கூவியது. "ஒக்காந்துட்டாரு."

பிரிசில்லா போனை வைத்தாள். அய்யனார் தன் போனை எடுத்தார், எண்ணைத் தேடி அழுத்தினார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம்ணே, அய்யனார் பேசறேன். அந்த வண்டி இல்லண்ணே. வேற பாத்துக்குங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்லல்ல, நல்லா ஓடுது. எங்க அண்ணி ஓட்றாங்க."